சென்னைச் சோற்றில் எத்தனை டிஎம்சி? நகரத்தின் மறைநீர்க் கணக்கை முதன்முறை போடுவோருக்கு

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, வீராணம் ஆகிய ஆறு ஏரிகளும் விளிம்புவரை நிரம்பினால் 13.2 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). சென்னையின் குடிநீர் நிலவரம் என்று செய்தித்தாளில் வருவது இந்தக் கணக்குதான். அதே நகரம் ஓராண்டு தின்னும் சோற்றுக்காக எங்கோ வயலில் செலவான நீரைக் கணக்கிட்டால், குறைத்துப் போட்டாலும் இதைப்போல் இரண்டரை மடங்கு வரும். கூட்டிப் போட்டால் நான்கு மடங்கு. இரண்டரைக்கும் நான்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால் மறைநீர்க் கணக்கில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

பொருளை விளைவிக்கவோ செய்யவோ செலவாகி, பொருளோடு கண்ணுக்குத் தெரியாமல் ஊர்விட்டு ஊர் போகும் நீர்தான் மறைநீர். இந்தக் கருத்தை 1990களின் தொடக்கத்தில் முன்வைத்தவர் லண்டன் பேராசிரியர் டோனி ஆலன். அதற்காக 2008இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு பெற்றார். நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002இல் அதை ‘நீர்த்தடம்’ என்ற கணக்குமுறையாக்கினார். இன்று எல்லோரும் கையாளும் பாகுபாடு அவர் வழி வந்தது: மண்ணில் தங்கிய மழையைப் பயிர் குடித்தால் பச்சைநீர், ஆறு, ஏரி, கிணற்றிலிருந்து எடுத்துச் செலவழித்தால் நீலநீர், கலந்த மாசை நீர்த்து, அனுமதித்த அளவுக்குக் கொண்டுவரத் தேவைப்படும் நீர் சாம்பல்நீர். கழிவுநீர்த் துறையினர் குளியலறை, சமையலறைக் கழிவுநீரையும் சாம்பல்நீர் என்பார்கள். அது வேறு. ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் குழப்பம் நிச்சயம்.

எல்லையும் ஆண்டும்

சென்னைக்குக் குறைந்தது மூன்று எல்லைகள் உண்டு. மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். பழைய பெருநகரப் பகுதி 1,189. 2022இல் விரிவாக்கி அறிவித்த பெருநகரப் பகுதி 5,904. எதை எடுத்தாலும் தவறில்லை. மக்கள்தொகையை ஒன்றிலிருந்தும் தொழிற்சாலைகளை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கலப்பதுதான் தவறு. திருப்பெரும்புதூர் கார் ஆலைகள் மாநகராட்சிக்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் ஏற்றுமதியைச் ‘சென்னை’ என்று எழுதிவிட்டு, உண்பவர்களை மட்டும் 200 வார்டுகளில் எண்ணினால் கணக்கு ஒரு பக்கம் சாயும்.

முதல் முறை போடுகிறவர்கள் மாநகராட்சி எல்லையோடு நின்றுகொள்வது நல்லது. 2011க்குப் பிறகான மக்கள்தொகை மதிப்பீடுகள் ஆளுக்கொன்றாக இருப்பதால், எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் கணக்குக்கு எளிதாக 70 லட்சம் என்று வைத்துக்கொள்கிறோம்.

ஒற்றை ஆண்டை எடுக்காதீர்கள். வெள்ளம் வந்த 2015, ஏரிகள் வறண்ட 2019 போன்ற ஆண்டுகளை எடுத்தால் விளைச்சல், விலை, வரத்து எல்லாமே கோணலாக இருக்கும். விளைச்சலுக்கு ஐந்தாண்டுச் சராசரி போதும்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது

மேலிருந்து வருவது ஒரு வழி: நகருக்குள் வந்த பொருள் எல்லாவற்றின் மறைநீரிலிருந்தும் வெளியே போனதைக் கழித்து, உள்ளூரில் செலவானதைக் கூட்டுவது. நாடுகளுக்கு இது சரிப்படும், ஏனென்றால் சுங்கத் துறையிடம் பதிவு இருக்கிறது. நகரத்தின் வாசலில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. 2018 ஏப்ரலில் வந்த ஜிஎஸ்டி இ-வே பில் (சரக்கை அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் வழிச்சீட்டு) அந்தக் குறையைத் தீர்க்கும் என்று தோன்றலாம். ஆனால் வரிவிலக்குப் பெற்ற பொருள்களுக்கு அந்தப் பில் வேண்டியதில்லை. காய்கறி, பச்சைப் பால், முட்டை, வரி இல்லாத அரிசி எதுவும் அதில் அகப்படாது. அரிசியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயரிட்டு அடைத்த பைக்கு 5 சதவீத வரி வந்ததும் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. வரிப் பதிவிலிருந்து அரிசி வரத்தை மதிப்பிட நினைப்பவர்கள் அந்த ஒரு கிலோவை மறக்கக் கூடாது.

ஆகவே கீழிருந்து போங்கள்: ஒருவர் உண்ணும் அளவு × மக்கள்தொகை × ஒரு கிலோவுக்கான நீர். இதில் ஓட்டைகள் இருந்தாலும், எங்கே ஓட்டை என்பது தெரியும்.

அளவுகளைச் சேகரித்தல்

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு (2022–23, 2023–24) முதல் ஆதாரம். வீடுவாரித் தரவு, அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னைக்கென்று மட்டும் பிரித்தால் கேட்டறிந்த வீடுகளின் எண்ணிக்கை சிறுத்துவிடும். ‘தமிழ்நாடு, நகர்ப்புறம்’ என்ற தொகுப்பை எடுப்பது பாதுகாப்பு. ரேஷன் அரிசி தனி வரிசையில் வரும், அதையும் சேர்க்க வேண்டும். கடை அரிசியை மட்டும் எடுத்தால் ஏழை வீடுகள் பட்டினி கிடப்பதுபோல் எண் காட்டும்.

பெரிய ஓட்டை, வெளியே உண்பது. வாங்கிச் சாப்பிட்ட இட்லியும் பரோட்டாவும் கணக்கெடுப்பில் ரூபாயாகத்தான் நிற்கும், கிலோவாக அல்ல. சென்னை போன்ற ஊரில் இதை விட்டால் தானியமும் எண்ணெயும் கணிசமாகக் குறைந்துவிடும். சராசரி விலையால் வகுத்துத் தட்டுகளின் எண்ணிக்கையை எடுங்கள். தட்டுக்கு எத்தனை கிராம் அரிசி, உளுந்து, மைதா என்பதை இரண்டு மூன்று உணவகங்களில் கேட்டு, தானியமாக மாற்றுங்கள். வீட்டுக்கு வாங்கும் இட்லி மாவுப் பாக்கெட்டையும் இப்படியே அரிசியாகவும் உளுந்தாகவும் பிரித்துவிடுங்கள். மாவுக்கடை வாங்கிய அரிசியையும் எழுதி, வீடு வாங்கிய மாவையும் எழுதினால் ஒரே அரிசி இருமுறை வந்துவிடும்.

காய்கறிக்குக் கோயம்பேடு வரத்தைப் பார்க்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. அங்கே இறங்குவதெல்லாம் சென்னை தின்பதல்ல; செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வியாபாரிகளும் அங்கிருந்துதான் ஏற்றிப் போகிறார்கள். அந்த வரத்தை நுகர்வாக எழுதாமல், ‘எந்த ஊரிலிருந்து எத்தனை பங்கு’ என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். அலகுகளிலும் கவனம் வேண்டும். தக்காளி பெட்டியில் வரும், வாழை தாரில், தேங்காய் எண்ணிக்கையில், கீரை கட்டில். பத்துப் பெட்டியை நீங்களே எடைபோட்டுச் சராசரி எடுப்பது, யாரோ எழுதிய எண்ணைவிட மேல்.

சேதாரத்தைச் சேர்க்கும்போது பலரும் வழுக்கும் இடம் ஒன்று. 100 கிலோ வந்து 15 கிலோ அழுகினால் உண்பது 85. வீட்டு நுகர்விலிருந்து வரத்துக்குப் போக 0.85ஆல் வகுக்க வேண்டும். 1.15ஆல் பெருக்கினால் குறைவாக வரும். வகுத்தால் கிடைப்பது 1.18 மடங்கு.

எத்தனை பொருள் வேண்டும்? அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, பால், முட்டை, கோழி, ஆட்டுக்கறி, பழம், காய்கறி, காபி–தேயிலை, பருத்தித் துணி. முதல் பதிப்புக்கு இந்தப் பதின்மூன்று போதும். கொத்தமல்லிக்கட்டு வரை இறங்கி மாதங்களைத் தொலைக்க வேண்டாம்.

பிறப்பிடம்

கணக்குப் பதிவேட்டில் பிறப்பிடத்துக்கான பத்தியை (நெடுவரிசையை) காலியாக விட்டுவிட்டு உலகச் சராசரியால் பெருக்குவதுதான் பெரும்பாலான மாணவர் அறிக்கைகளின் நோய். எந்த ஆற்றின், எந்த நிலத்தடியின் நீர் என்று சொல்லாத மறைநீர்க் கணக்கால் யாருக்கும் பயனில்லை.

சென்னைக்கு அரிசி காவிரிப் படுகையிலிருந்தும் நெல்லூர்ப் பக்கமிருந்தும் ஆரணியிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. செங்குன்றம் ஆலைகளில் அரைபடும் அரிசியைச் ‘செங்குன்றம்’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே விளைந்ததல்ல, நெல்லாக வந்து அரிசியாகப் போகிறது. முட்டைக்கு நாமக்கல், தக்காளிக்கு மதனப்பள்ளியும் கோலாரும், பெரிய வெங்காயத்துக்கு நாசிக் வட்டாரம் என்று எழுதுவது பெருமளவு சரியாக இருக்கும். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது: மழையில் வளரும் மரம், எனவே ஏறக்குறைய முழுக்கப் பச்சைநீர். துவரையிலும் உளுந்திலும் மியான்மருக்குப் பங்குண்டு. துவரையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். ரவையாகவும் மைதாவாகவும் வரும் கோதுமையில் பஞ்சாப், ஹரியாணா பங்கைத் தனியாகக் குறியுங்கள். பஞ்சாபில் ஆண்டுதோறும் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் நிலத்தடி நீரை எடுக்கிறார்கள். மேசையில் உள்ள பரோட்டாவுக்கும் அந்த ஆழ்துளைக் கிணற்றுக்கும் இப்படித்தான் தொடர்பு வருகிறது.

ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர்

மெகோனனும் ஹூக்ஸ்ட்ராவும் 1996–2005 காலத்துக்குப் போட்ட உலகச் சராசரிகள் (மூன்று நிறமும் சேர்த்து, கிலோவுக்கு லிட்டரில்):

அரிசி 2,497
கோதுமை 1,827
பருப்பு வகைகள் 4,055
கரும்புச் சர்க்கரை 1,782
பால் 1,020
முட்டை 3,265
கோழிக்கறி 4,325
வெள்ளாட்டுக்கறி 5,521
தக்காளி 214
உருளைக்கிழங்கு 287
வாழைப்பழம் 790
வறுத்த காபிக்கொட்டை 18,900
பருத்தித் துணி ஏறக்குறைய 10,000

கிலோவுக்கு லிட்டரும் டன்னுக்குக் கன மீட்டரும் ஒரே எண்தான்; மாற்ற வேண்டியதில்லை. ஒரு டிஎம்சி என்பது 2.83 கோடி கன மீட்டர்.

இனி அரிசி. ஒருவருக்கு மாதம் 7 கிலோ என்று கொண்டால், 70 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 5.88 லட்சம் டன். அதை 2,497ஆல் பெருக்கினால் 147 கோடி கன மீட்டர், அதாவது 52 டிஎம்சி. தொடக்கத்தில் சொன்ன ‘நான்கு மடங்கு’ இதுதான். இப்போது அதையே பிறப்பிடத்தின் எண்ணால் போட்டுப் பாருங்கள்.

சொந்த எண்: காவிரிப் படுகை நெல்

ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் ‘கிராப்வாட்’ இலவச மென்பொருள். வானிலைத் தரவுக்கு அதே அமைப்பின் ‘கிளிம்வாட்’. நிலையம், நடவுத் தேதி, பயிர்க்காலம் கொடுத்தால் பத்து நாளுக்கு ஒருமுறை பயிர் எவ்வளவு நீரை ஆவியாக விட்டது, பயனான மழை எவ்வளவு என்று தரும். நெல்லின் பயிர்க் கெழு (புல்தரையோடு ஒப்பிட்டால் பயிர் எத்தனை மடங்கு நீரை ஆவியாக விடும் என்ற எண்) தொடக்கத்தில் 1.05, நடுவில் 1.20, அறுவடையில் 0.6 முதல் 0.9 வரை.

இங்கேதான் புதியவர்கள் விழும் பள்ளம். நெல்லுக்கான பாசனத் தேவை என்று மென்பொருள் காட்டும் எண்ணில் சேற்றுழவு நீரும் கீழிறங்கும் நீரும் சேர்ந்திருக்கும். அதை எடுத்தால் நீர்த்தடம் இரட்டிப்பாகும். உங்களுக்கு வேண்டியது பயிரும் வயலும் ஆவியாக விட்ட அளவு மட்டும். கீழிறங்கும் நீர் நிலத்தடிக்குப் போய் அடுத்த கிணற்றில் வரும். அதைச் செலவாக எழுதக் கூடாது. விதிவிலக்கு, நிலத்தடி உப்பான கடலோரக் கடைமடை. அங்கே இறங்கிய நீர் யாருக்கும் திரும்பக் கிடைக்காது. அந்தப் பகுதிக்குத் தனி வரி போட்டு, காரணத்தையும் எழுதுங்கள்.

பழகுவதற்கு ஒரு மாதிரி. சம்பாவில் பருவம் முழுக்க 600 மில்லிமீட்டர் ஆவியானது, அதில் 350 வடகிழக்குப் பருவமழை தந்தது என்று வையுங்கள். பச்சை 350, நீலம் 250. ஹெக்டேருக்குக் கன மீட்டராக்க 10ஆல் பெருக்குங்கள்: 3,500, 2,500. விளைச்சல் 5 டன் என்றால் ஒரு டன் நெல்லுக்குப் பச்சை 700, நீலம் 500, மொத்தம் 1,200.

குறுவைக்கு: ஆவியானது 550, மழை 150, நீலம் 400, விளைச்சல் 5.5 டன். ஒரு டன் நெல்லுக்குப் பச்சை 273, நீலம் 727, மொத்தம் 1,000.

மொத்தத்தைப் பார்த்தால் குறுவை சிக்கனம். நீலத்தைப் பார்த்தால் மேட்டூரையும் பம்புசெட்டையும் நம்பி ஒன்றரை மடங்கு குடிப்பது குறுவைதான். நிறங்களைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதுகிற அறிக்கை இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். ஒரே வயல், இரண்டு பருவம், இரண்டு வரி.

பிறகு நெல்லிலிருந்து அரிசி. நூறு கிலோ நெல்லில் 67 கிலோ அரிசி என்று கொண்டால், சம்பாவின் 1,200ஐ 0.67ஆல் வகுக்க 1,791. ஆனால் அந்த நீர் முழுதும் அரிசியின் தலையில் அல்ல. தவிடும் உமியும் விலைபோகின்றன. ஆலை வருமானத்தில் அரிசியின் பங்கு 90 சதவீதம் என்றால் 1,791 × 0.9 = 1,612. தவிட்டு எண்ணெயையும் பதிவேட்டில் வைத்திருப்பவர்கள் இந்தப் பங்கீட்டைச் செய்யாவிட்டால் ஒரே நீரை இருமுறை எழுதுவார்கள். வைக்கோலுக்கும் இதே நியாயம்: அதைத் தின்ற மாட்டின் பாலில் கொஞ்சம் நீர் போகிறது.

5.88 லட்சம் டன்னை 1,612ஆல் பெருக்கினால், சாம்பல்நீர் சேர்க்காமல், 33.5 டிஎம்சி. தொடக்கத்தில் சொன்ன ‘இரண்டரை மடங்கு’ இதுதான். 52 எங்கே, 33.5 எங்கே. அந்த 33.5இல் நீலம் 14 டிஎம்சி, அதாவது ஆறு ஏரிகளும் நிரம்பினாலும் சற்றுப் போதாத அளவு. அறிக்கையின் முதல் பக்கத்தில் போக வேண்டியது இந்த 14தான். முழுக்கச் சம்பா என்ற அனுமானத்தில் வந்தது இது. ஆந்திர, கர்நாடக அரிசிக்கு அந்தந்த மாவட்ட எண்களைப் போட்டு, எங்கிருந்து எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப எடைச்சராசரி எடுங்கள்.

குழாய் நீர், தொழிற்சாலை

நகரம் நேரடியாகச் செலவழிக்கும் நீரை மறைநீரோடு கலக்காமல் தனி அட்டவணையில் வையுங்கள். நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் விநியோகம் என்றால் ஆண்டுக்கு 36.5 கோடி கன மீட்டர், சுமார் 13 டிஎம்சி. இதில் மூன்று திருத்தங்கள் வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளின் நீர் (மொத்தத் திறன் நாளுக்கு 35 கோடி லிட்டர்) நன்னீர் அல்லாததால் நீலநீரில் சேராது. எடுத்த நீர் அதே படுகைக்குத் திரும்பினால் செலவாகக் கொள்வதில்லை. ஆனால் கடலுக்குப் போனால் முழுக்கச் செலவுதான். சென்னைக் கழிவுநீரின் பெரும்பகுதி கூவம், அடையாறு வழியே கடலுக்குத்தான் போகிறது. மூன்றாவது, கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மறுசுத்திகரித்துத் தொழிற்பேட்டைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் உள்ளன. அந்த நீரை வீட்டுக் கணக்கில் ஒருமுறை எழுதியாயிற்று. ஆலைக் கணக்கில் மறுபடி எழுதக் கூடாது.

வெளியே போவது

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறுவது எல்லாம் சென்னையின் ஏற்றுமதி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் இந்தத் துறைமுகம் வழியே போனாலும் அதன் நீர் பாலாற்றங்கரைக் கணக்கு. சென்னைக்குள் எழுத வேண்டியது உங்கள் எல்லைக்குள் உள்ள உற்பத்தி மட்டும்; பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் பதனிடுவோர் மாநகராட்சிக்கு வெளியே இருப்பதால், பெருநகரப் பகுதியை எடுத்தால்தான் வருவார்கள். தோலில் சாம்பல்நீர் பெரிதாக வரும்: கழிவில் கலந்த மாசின் எடையை, அனுமதித்த செறிவிலிருந்து இயற்கைச் செறிவைக் கழித்தால் கிடைக்கும் எண்ணால் வகுக்க வேண்டும். சுத்திகரித்த பின் வெளியேறும் மாசைத்தான் எடுக்க வேண்டும், முன்னதை அல்ல. பல மாசுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பார்த்து மிகப் பெரியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; எல்லாவற்றையும் கூட்டுவது பிழை. ஒரே நீர் எல்லா மாசையும் சேர்ந்தே நீர்க்கும்.

காரில் நீரின் பெரும்பங்கு, பூட்டும் இடத்தில் செலவாவதில்லை. உருக்கிலும் அலுமினியத்திலும் ஒளிந்து வருகிறது. அதை நகர அளவில் பிடிக்க, எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு–வெளியீட்டு அட்டவணை வேண்டும். முதல் ஆண்டில் தொடாதீர்கள். மென்பொருள் ஏற்றுமதியைக் காட்டி ‘நீரில்லாத ஏற்றுமதி’ என்று எழுதுவதும் பாதிதான் சரி, ஏனென்றால் அங்கே வேலை பார்ப்பவர் உண்ணும் சோறு முன்பே நுகர்வில் ஏறிவிட்டது.

சரிபார்ப்பு

நீரைத் தொடுமுன் உணவைச் சோதியுங்கள். நீங்கள் எழுதிய அளவுகளைக் கலோரியாக மாற்றினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 வரை வர வேண்டும். 1,400 வந்தால் வெளியுணவோ ரேஷனோ விட்டுப்போயிருக்கிறது. 3,500 வந்தால் மொத்தச் சந்தை வரத்தை நுகர்வாக எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு நீர். அதே 1996–2005 ஆய்வில் இந்தியரின் சராசரி நீர்த்தடம் ஆண்டுக்கு 1,089 கன மீட்டர். உலகச் சராசரி 1,385. 70 லட்சம் பேருக்கு 1,089 என்றால் சுமார் 270 டிஎம்சி. உங்கள் மொத்தம் அதில் பாதிக்கும் கீழே என்றாலோ இருமடங்குக்கு மேலே என்றாலோ முதலில் அலகுப் பிழையைத் தேடுங்கள்: மில்லிமீட்டரை 10ஆல் பெருக்க மறந்தது, குவிண்டாலை டன்னாக எழுதியது, ஏக்கர் விளைச்சலை ஹெக்டேரில் வைத்தது. 2.47 மடங்கு விலகல் என்றால் கடைசிப் பிழையேதான்.

பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் பொருள், டன், பிறந்த மாவட்டம், பருவம், பச்சை, நீலம், சாம்பல், விலைப்பங்கு, தரவு எங்கிருந்து, எவ்வளவு நம்பலாம் என்ற பத்திகள் இருக்கட்டும். நம்பகத்துக்கு அ, ஆ, இ போதும்: எடைபோட்டது அ, கணக்கெடுப்பு ஆ, ஊகம் இ. நீலநீர்ப் பத்திக்கு அருகில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வகைப்பாட்டையும் ஒட்டுங்கள். தமிழ்நாட்டுக்கு அது குறுவட்ட அளவில் கிடைக்கும், பிற மாநிலங்களுக்குப் பெரும்பாலும் வட்டார அளவில். ஊறுவதைவிட அதிகம் எடுக்கும் பகுதியிலிருந்து வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். சென்னைக்கு எந்தப் பொருளை எங்கிருந்து மாற்றி வாங்கலாம் என்று ஒரு வாங்குவோர் கேட்டால், நீங்கள் நீட்ட வேண்டியது அந்தச் சின்னப் பட்டியலை.